வாய்நாற்றமும் வாய் திறவாமையும்

நீடித்த வாய்நாற்றம் உடையவர் அதைத் தாமே கண்டறிவது அரிது. இடைவிடாமல் வந்தடையும் மணத்தைச் சிறிது நேரத்திலேயே பொருட்படுத்தாமல் விட்டுவிடுவது மூக்கின் இயல்பு. மீன் சந்தைக்குள் புதிதாக நுழைபவர் மூக்கைப் பொத்துவார். அங்கே கடை விரித்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வாயோ மூக்குக்கு அடுத்த வீடு. உள்ளங்கையைக் குவித்து ஊதி முகர்ந்து பார்ப்பது பலரும் செய்வதுதான்; அதனால் தெரிவது சொற்பம். நாற்றம் பெரும்பாலும் எழுவது நாக்கின் பின்பகுதியில். பேசும்போது அங்கிருந்து வெளிவரும் காற்று, உதட்டைக் குவித்து ஊதும்போது அவ்வளவாக வருவதில்லை. தம் வாயின் மணத்துக்குத் தாமே இட்ட மதிப்பெண்ணையும், பயிற்சி பெற்ற ஒருவர் முகர்ந்து இட்ட மதிப்பெண்ணையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டும் பொருந்தி வந்தது குறைவு.

ஆகவே இது ஒருவருக்கு இருந்து, மற்றவர்களுக்குத் தெரியும் நோய். அந்த மற்றவர்கள் சொல்வதில்லை. பல் மருத்துவ நூல்கள் தரும் காரணப் பட்டியலில் நாக்கின் படிவும் ஈறு நோயும் வாய் உலர்தலும் உண்டு. சுற்றியிருப்போரின் மௌனம் இல்லை. நோய் தொடங்குவதற்கு அம்மௌனம் காரணமாகாது. ஆறு வாரத்தில் தீரக்கூடிய ஒன்று ஆறு ஆண்டு நீடிப்பதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். நெறியாளர், ஆய்வாளர், மூத்தவர், இளையவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு படி ஒதுக்கப்பட்டுள்ள பல்கலைக்கழகத்தில் அந்த மௌனம் இன்னும் கெட்டியானது.

வட இந்தியாவில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்த ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது விளங்கும். பெயரும் ஊரும் இங்கே வேண்டியதில்லை. அவர் ஆய்வு கந்தகச் சேர்மங்களைப் பற்றியது. சமையல் எரிவாயு கசிந்தால் தெரியட்டும் என்பதற்காக அதில் கலக்கும் எத்தில் மெர்காப்டான், அவர் நாள்தோறும் கையாண்ட குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய உறவான மெத்தில் மெர்காப்டான்தான், ஹைட்ரஜன் சல்பைடோடு சேர்ந்து, வாய்நாற்றத்தின் முதன்மைப் பொருள். நூறு கோடிப் பங்கு காற்றில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதை இனங்கண்டுகொள்ளும். வாய்க்காற்றில் இவற்றைக் கருவியால் பிரித்துக் காட்டியவர் கனடாவின் வான்கூவரில் பணியாற்றிய ஜோசப் டொன்ஸெடிச். 1960களிலும் 70களிலும் அவர் பயன்படுத்திய கேஸ் குரோமட்டோகிராஃப் வகைக் கருவி ஒன்று நம் ஆய்வாளரின் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

முதல் இரண்டு ஆண்டுகள் ஆய்வகத்தில் யாருக்கும் ஐயம் எழவில்லை. கந்தகத்தோடு வேலை செய்பவர் மேல் கந்தக வாடை வீசத்தானே செய்யும் என்று இருந்தார்கள். மூன்றாம் ஆண்டில் அவர் ஆய்வகத்தை விட்டு மாதக்கணக்கில் நூலகத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியபோதும் வாடை போகவில்லை. அப்போது எல்லாருக்கும் புரிந்தது. ஒருவரும் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாக மற்றவை நடந்தன. ஒரே திரையைப் பார்த்து அருகருகே அமர்ந்து வரைபடங்களைத் திருத்திவந்த நெறியாளர், மேசைக்கு எதிர்ப்புறம் நாற்காலி போடச் சொன்னார். பிறகு, மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் போதும் என்றார். உணவுக்கூடத்தில் யாரேனும் ஒருவர் தவறாமல் அவர் பக்கம் சோம்புக் கிண்ணத்தை நகர்த்தினார். அவர் பயிற்சி வகுப்பு எடுக்கும்போது இளங்கலை மாணவர்கள் இரண்டாம் வரிசையிலிருந்து உட்கார்ந்தார்கள்.

இத்தனை குறிப்புகளையும் அவர் படித்தார், தவறாகப் படித்தார். நெறியாளர் விலகுவது தம் மூன்றாம் இயலின் தரத்தால் என்று முடிவு செய்து, நன்றாகவே அமைந்திருந்த அந்த இயலை முழுதாகக் கலைத்துத் திரும்ப எழுதினார். அதற்கு ஏழு மாதம் போயிற்று. திரும்ப எழுதியதை நெறியாளர் பாராட்டி மின்னஞ்சல் அனுப்பினார். நாற்காலி எதிர்ப்புறத்திலேயே இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அவர் தலித் குடும்பத்தில் பிறந்தவர். அக்குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் ஆள். இந்த நாட்டில் ஒருவர் உடலிலிருந்து இன்னொருவர் இரண்டடி தள்ளி உட்காருவதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பள்ளியில் தண்ணீர்ப் பானையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டதைப் பார்த்து வளர்ந்தவர், பல்கலைக்கழகத்தில் தம் பக்கத்து இருக்கை காலியாகவே இருப்பதைப் பார்க்கும்போது வேறு எதை நினைப்பார்? அவர் நினைத்ததற்கு முகாந்திரம் இருந்தது. அந்தத் துறையில் அந்த வகை விலகல் அறவே இல்லை என்று யாரும் கையடித்துச் சொல்லிவிட முடியாது. எது சாதி, எது வாய்நாற்றம் என்று பிரித்தறிய அவரிடம் ஒரு வழியும் இல்லை. சொல்லாமல் விட்டவர்கள் எல்லாரும், இருக்கும் விளக்கங்களில் மிகக் கொடியதைத் தாமே தேர்ந்துகொள்ளும்படி அவரைத் தனியே விட்டிருந்தார்கள்.

சொல்ல நினைத்தவர்களையும் இதே வரலாறுதான் தடுத்தது. நாற்றம் என்பது இங்கே வெறும் உடலியல் சொல்லாக இருந்ததில்லை. ஒரு சாராரை நாற்றம் உடையவர்கள் என்று சொல்லியே ஊருக்கு வெளியே வைத்திருந்த நாட்டில், நல்லெண்ணத்தோடு ஒருவர் அச்சொல்லை எடுத்தாலும் அதன் பழைய முனை கூடவே வரும். அவருடைய அறைத்தோழர் இரண்டு ஆண்டு இளையவர், வேறு சாதியினர். பதினான்கு மாதம் அவர் வாய் திறக்காமல் இருந்ததற்கு இந்த அச்சமே காரணம். அச்சம் நியாயமானதுதான். அதற்கான விலையை மற்றவர் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை.

ஒருநாள் இரவு விடுதி மொட்டைமாடியில் அந்த இளையவர் சொல்லிவிட்டார். சுற்றி வளைக்கவில்லை. “பையா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வாய் நாறுகிறது. பல் ஏதோ கெட்டிருக்கும் போல. ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள், நானும் கூட வருகிறேன்” என்றார். மூத்தவர் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை நாளாக?” அறைக்கு வந்த நாளிலிருந்து என்று பதில் வந்தது. அதன்பின் இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. செய்தியைவிட, அந்தப் பதினான்கு மாதமே அவரை வதைத்தது என்று பின்னர் அவர் தம் நண்பர்களிடம் சொன்னார். நடந்த ஒவ்வொரு உரையாடலையும் திரும்ப எடுத்து, எதிரில் இருந்தவரின் முகத்தை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள், கலைத்துப் போட்ட அந்த இயலின் முதல் வடிவத்தைக் கணினியில் திறந்து படித்துப் பார்த்தார்.

மருத்துவத்தை அவர் தொடங்கியது வயிற்றிலிருந்து. இதில் அவர் தனியாள் இல்லை. வாய் நாறினால் வயிறு கெட்டிருக்கிறது என்பது இந்தியா முழுவதும் வழங்கும் நம்பிக்கை. மருந்துக்கடையில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும், இரவில் விழுங்க இசப்கோலும், ‘வயிற்றைச் சுத்தம் செய்யும்’ சூரணமும் கிடைத்தன. ஆனால் உணவுக்குழாய் சாதாரண நேரத்தில் மூடியே இருப்பது. இரைப்பையின் காற்று ஒவ்வொரு பேச்சிலும் மேலே ஏறி வருவதில்லை. ஏப்பத்தோடும் கடுமையான எதுக்களிப்போடும் வருவது வேறு. நீடித்த வாய்நாற்றத்தில் பத்துக்கு எட்டு அல்லது ஒன்பது பேருக்கு மூலம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. எஞ்சியவர்களில் பலருக்கு மூக்கு, சைனஸ், தொண்டைச் சதையில் சேரும் வெள்ளைக் கட்டிகள் ஆகியவை காரணம். நீரிழிவு கட்டுமீறும்போது பழ மணமும், சிறுநீரகம் செயலிழக்கும்போது அம்மோனியா வாடையும், கல்லீரல் முற்றிலும் கெடும்போது ஒருவகைப் புளித்த இனிப்பு வாடையும் மூச்சில் வரும். இவை அரியவை, வரும்போது மற்ற அறிகுறிகளோடு வருபவை. வாய்நாற்றம் என்றவுடன் எண்டோஸ்கோப்பிக்கு நாள் குறிப்பவர்கள் முதலில் பல் மருத்துவரின் நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்து எழலாம்.

வாய்க்குள் நடப்பது இதுதான். நாக்கின் மேற்பரப்பு கம்பளம் போன்றது. அதன் பின்பகுதியில், மயிரிழை போன்ற சிறு முகிழ்களுக்கிடையே, உதிர்ந்த செல்களும் உணவுத்துகளும் மூக்கிலிருந்து தொண்டைக்கு வடியும் சளியும் தங்குகின்றன. அங்கே காற்று எட்டாத ஆழத்தில் வாழும் நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைக்கின்றன. அதிலுள்ள சிஸ்டீனிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடும், மெத்தியோனினிலிருந்து மெத்தில் மெர்காப்டானும் உண்டாகின்றன. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே நோயால் பள்ளம் விழுந்தால் அதுவும் இவற்றின் குடியிருப்பு. இதையெல்லாம் ஓயாமல் கழுவிக்கொண்டிருப்பது உமிழ்நீர். உறங்கும்போது அதன் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகும். ஆகவே காலை எழுந்ததும் நாறாத வாய் அரிது. அது நோயாகாது. பல் துலக்கி ஒரு வாய் உண்டபின்னும் போகாமல் இருப்பதே நோய்.

ஆய்வு மாணவரின் வாழ்க்கை உமிழ்நீருக்கு எதிரானது என்றே சொல்லலாம். காலை உணவைத் தவிர்ப்பது, நடுப்பகல்வரை பாலும் சர்க்கரையும் கலந்த தேநீர், தண்ணீர் குடிக்க மறப்பது, குளிர்காலத் தூசியில் மூக்கடைத்து வாயால் மூச்சுவிட்டு உறங்குவது, அந்த ஒவ்வாமைக்கு இரவுதோறும் ஒரு செட்டிரிசின் மாத்திரை. அம்மாத்திரை வாயை உலர்த்தும். மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகளும், குறிப்பாக அமிட்ரிப்டிலின் போன்ற பழையவை, இன்னும் அதிகமாக உலர்த்தும். மருந்தைத் தாமே நிறுத்திவிடுவது இதற்கு வழியாகாது. எழுதித்தந்தவரிடம் வாய் உலர்வதைச் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

சூரணம் மூன்று வாரத்தில் பலன் தராமற்போகவே, நம் ஆய்வாளர் அறைத்தோழருடன் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் புறநோயாளிப் பிரிவுக்குப் போனார். அங்கே பட்டமேற்படிப்பு மாணவி ஒருவர் செய்த முதல் சோதனைக்குக் கருவியே தேவைப்படவில்லை. இரண்டு நிமிடம் வாயை மூடியிருக்கச் சொல்லி, பிறகு எண்ணச் சொல்லி, சற்றுத் தள்ளி நின்று முகர்ந்தார்; சுழியத்திலிருந்து ஐந்துவரை உள்ள அளவையில் நான்கு என்று குறித்தார். கந்தக வாயுவை அளக்கும் கருவிகள் உண்டு. ஆயினும் இத்துறையில் இன்றும் மேலான அளவுகோல் மனித மூக்குதான். ஆண்டுக்கணக்கில் பிறர் மறைவாகச் செய்துவந்ததை ஒருவர் முகத்துக்கு நேராகச் செய்து, எண்ணாக எழுதி, அடுத்த வேலைக்குப் போனது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்ததாம்.

கிடைத்த விடை எளியது. கீழ்த்தாடையின் வலப்புற ஞானப்பல் பாதி முளைத்து நின்றிருந்தது. அதன் மேல் மடிந்து கிடந்த ஈறின் அடியில் உணவு தங்கி அழுகிக்கொண்டிருந்தது. கடைவாய்ப் பற்களைச் சுற்றி மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாமல் இருக்க வேண்டிய ஈறிடைவெளி ஐந்தும் ஆறுமாக ஆழ்ந்திருந்தது. கீழ்ப்பற்களின் உட்புறத்தில் பற்காரை சுவர்போல் படிந்திருந்தது. ஞானப்பல்லை எடுத்தார்கள். இரண்டு அமர்வுகளில் ஈறுக்கு மேலும் கீழும் காரையைச் சுரண்டினார்கள். பல்லிடுக்குத் தூரிகை, நாக்கு வழிப்பான், இரண்டு வாரத்துக்கு மட்டும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு. அதை நீட்டித்தால் பல்லில் பழுப்புக்கறை ஏறும். நாக்கின் சுவையும் மாறும். பல்கலைக்கழக நலமையத்தின் மருத்துவர் செட்டிரிசினை நிறுத்தி மூக்கில் அடிக்கும் மருந்துக்கு மாற்றினார்.

இங்கே ஒரு நம்பிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும் என்று பல குடும்பங்களில் பெரியவர்கள் எச்சரிப்பார்கள். சுத்தம் செய்தபின் பல்லிடையே இடைவெளி தெரிவதும், தண்ணீர் பட்டால் கூசுவதும் மெய். ஈறு முன்னமே இறங்கிவிட்டிருக்கிறது. அந்த இடத்தைக் காரை அடைத்திருந்தது. வீங்கிய ஈறும் வற்றுகிறது. காரையை எடுத்தவர் மேல் பழி விழுகிறது. இந்தப் பழிக்கு அஞ்சியே, மெத்தப் படித்தவர்களும் பல் மருத்துவரிடம் போகாமல் நாற்பது வயதில் பற்களை இழக்கிறார்கள்.

நாற்றத்தை நீக்குவதைவிட மறைப்பதற்கு இந்நாட்டில் சந்தை பெரிது. பான் மசாலா வாய்க்கு நறுமணம் ஊட்டும் பொருள் என்ற பெயரில் விற்கப்படுகிறது. அதன் பாக்கு வாய்ச் சதையை இறுகச் செய்து, நாளடைவில் வாயே திறக்க முடியாதபடி ஆக்கும். திறக்காத வாயைத் துலக்குவது எப்படி? உணவுப் பொருள்களில் புகையிலையும் நிகோடினும் கூடாது என்ற 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதியைக் கொண்டு, 2012இல் மத்தியப் பிரதேசம் தொடங்கி மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் குட்காவைத் தடை செய்தன. உடனே பான் மசாலா ஒரு பொட்டலமாகவும் புகையிலை ஒரு பொட்டலமாகவும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. கலக்கும் வேலை வாங்குபவர் கைக்கு மாறியது. 2016–17இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்தோரில் 21.4 விழுக்காட்டினர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தினர். பல் துலக்கும் பொருளாகவே புகையிலையைப் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு: மகாராஷ்டிரத்தில் மிஷ்ரி, சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் குடாக்கு, பிகாரில் குல். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை 1992இலேயே மத்திய அரசு தடை செய்தது. மிசோரத்தின் துய்பூர் புகையிலைப் புகையூட்டிய நீர்; வாயில் சற்று வைத்திருந்து துப்புவார்கள்.

மேலைநாட்டிலும் இந்த வணிகம் இப்படித்தான் வளர்ந்தது. 1879இல் அறுவைக்கூடக் கிருமிநாசினியாகத் தொடங்கிய லிஸ்டரின், 1920களில் ‘ஹாலிடோசிஸ்’ என்ற மருத்துவச் சொல்லை விளம்பரத்தில் ஏற்றி, நண்பர்கள்கூட உங்களிடம் சொல்லமாட்டார்கள் என்ற அச்சத்தைக் காசாக்கியது. மௌனத்தை முதலீடாக்கிய விளம்பரங்களுள் இதுவே முன்னோடி எனலாம்.

பழைய இந்திய நூல்கள் இதை எதிர்கொண்ட விதம் ஒரே தன்மையானதாக இல்லை. சரக சம்ஹிதையின் சூத்திரத்தானம், நாக்கின் அடியில் படியும் அழுக்கே துர்நாற்றத்துக்குக் காரணம் என்று கூறி, பொன், வெள்ளி, செம்பு முதலிய உலோகங்களில் கூரில்லாத வளைந்த வழிப்பானைச் செய்துகொள்ளச் சொல்கிறது. அதையடுத்து ஜாதிக்காய், கிராம்பு, ஏலம், கற்பூரம், வெற்றிலை ஆகியவற்றை வாயில் வைக்கச் சொல்கிறது. முதலில் வழித்தல், பிறகு வாசனை. பின்வந்த நாகரிகம் இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டதோ என்று ஐயுற இடமிருக்கிறது. இருந்தாலும், காலையில் நாக்கு வழிப்பது இங்கே சாதாரண வீடுகளிலும் வழக்கம். இந்த ஒன்றில் இந்தியக் குளியலறை முன்னேறியது. குறை என்னவென்றால் பலர் முன்நாக்கை மட்டும் வழித்துவிட்டு, குமட்டும் என்று பின்பகுதியைத் தொடாமல் விடுகிறார்கள்.

மனுஸ்மிருதியின் பதினோராம் அத்தியாயம் வேறு வழியில் போகிறது. முற்பிறவிக் குற்றங்களுக்கு இப்பிறவியில் வரும் உடற்குறைகளைப் பட்டியலிடுகையில், கோள்மூட்டுபவனுக்கு வாய்நாற்றம் என்று விதிக்கிறது. நோயாளியைக் குற்றவாளியாக்கும் இந்தப் பார்வை நூலோடு முடிந்துவிடவில்லை. இன்றும் வாய்நாற்றம் உடையவரைச் சோம்பேறி, சுத்தமில்லாதவர், வளர்ப்புச் சரியில்லாதவர் என்றே முதலில் எண்ணுகிறார்கள். நம் ஆய்வாளர் நாளுக்கு இருமுறை பல் துலக்கியவர். இஸ்லாமிய மரபு ஓரிடத்தில் இதற்கு நேரெதிராக நிற்கிறது: நோன்பிருப்பவரின் உலர்ந்த வாயில் எழும் வாடை இறைவனிடத்தில் கஸ்தூரியினும் இனியது என்கிறது ஹதீஸ். ரமலான் மாத விடுதியில் பிற்பகல் நேரத்தில் பேசத் தயங்கும் மாணவருக்கு அது எவ்வளவு பெரிய சலுகை!

பல்கலைக்கழகத்தார் திரும்பப் படிக்க வேண்டியது பௌத்த விநயத்தை. பற்குச்சிக்குப் புத்தர் அனுமதி தந்தபோது சொல்லப்பட்ட ஐந்து பயன்களில் ஒன்று, வாய் நாறாமை. அதிலும் கவனிக்க வேண்டியது, மாணவன் விடியலில் எழுந்து ஆசிரியருக்குப் பற்குச்சியும் வாய் கொப்பளிக்க நீரும் தர வேண்டும் என்ற விதி. மாணவன் நோயுற்றால் ஆசிரியர் அதையே மாணவனுக்குச் செய்ய வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் நாலந்தாவில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் படித்த சீனத் துறவி யிஜிங், பற்குச்சிக்கென்றே தம் நூலில் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். பன்னிரண்டு விரலளவு நீளமான குச்சி, எட்டுக்குக் குறையக்கூடாது. மென்று துலக்கியபின் அதைப் பிளந்து வளைத்து நாக்கை வழிப்பது. கை கழுவி வாய் தூய்மை செய்யாமல் வணங்குவது கூடாது. அப்படி வணங்கினால் வணங்கியவர், வணக்கத்தை ஏற்றவர் இருவர் மேலும் குற்றம் என்று அவர் எழுதுகிறார். இக்கால நெறியாளர்கள் ஆய்வேட்டின் காற்புள்ளிவரை திருத்துகிறார்கள். ஐந்து ஆண்டு எதிரில் அமர்ந்து பேசும் ஆளின் வாயைப் பற்றி ஒரு சொல் சொல்வது அவர்கள் கடமையில் சேரவில்லை. மாணவர் நெறியாளரிடம் சொல்வதோ கனவிலும் நடவாது. துறைத்தலைவரின் வாய்நாற்றம் ஓய்வுபெறும் நாள்வரை துறையின் பொதுச்சொத்தாகவே இருந்துவிடுகிறது.

ஆறு வாரம் கழித்து அதே மாணவி முகர்ந்து பார்த்து ஒன்று என்று குறித்தார். நோய் போயிற்று, பழக்கம் போகவில்லை. கையால் வாயை மறைத்துப் பேசுவது, லிஃப்டில் மூச்சைப் பிடித்துக்கொள்வது, யாரேனும் மூக்கைத் தொட்டால் பேச்சை நிறுத்துவது எல்லாம் பல மாதம் தொடர்ந்தன. அறைத்தோழரிடம் நாளுக்கு ஒருமுறையாவது கேட்டுவிடுவார். இல்லை என்ற பதிலை நம்ப முடியாதபடி முந்தைய பதினான்கு மாதம் குறுக்கே நின்றது. மெல்லக் குறைந்தது, ஆனால் எல்லாருக்கும் குறைவதில்லை.

பல் மருத்துவமனைகளுக்கு வாய்நாற்றம் என்று வருபவர்களில் ஒரு பகுதியினருக்கு நாற்றமே இருப்பதில்லை. சிலர், சோதித்துக் காட்டி விளக்கினால் ஏற்றுக்கொள்வார்கள். வேறு சிலர் ஏற்கமாட்டார்கள். நாளுக்குப் பத்து முறை துலக்கி ஈறைப் புண்ணாக்குவார்கள், வகுப்புக்கு வருவதை நிறுத்துவார்கள், எதிரில் இருப்பவரின் ஒவ்வொரு இருமலையும் தம்மைக் குறித்ததாகக் கொள்வார்கள். உலக நலவாழ்வு அமைப்பின் நோய்ப் பட்டியலின் பதினோராம் திருத்தத்தில் இது தனி மனநோயாக இடம்பெற்றிருக்கிறது. மருந்தும் உளச்சிகிச்சையும் உண்டு. இவர்களிடம் ‘எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்லி அனுப்புவது, நாற்றம் உள்ளவரிடம் சொல்லாமல் இருப்பதற்கு இணையான தீங்கு. முகர்ந்து பார்த்து, எண்ணைச் சொல்லி, அச்சத்துக்கும் ஒரு மருத்துவர் இருக்கிறார் என்று வழிகாட்டுபவரே இவர்களுக்குத் தேவை.

சொல்பவருக்குச் சில குறிப்புகள். தனியிடத்தில் சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஏலக்காய் நீட்டுவது சொல்வதாகாது. பெயரில்லாக் கடிதம் கூடாது; அது பெறுபவரை எல்லார் மேலும் ஐயம் கொள்ள வைக்கும். ஒரே ஒரு நாள் கவனித்ததை வைத்துச் சொல்லக்கூடாது. வெங்காயமும் பூண்டும் உண்ட நாளாக இருக்கலாம், பட்டினி கிடந்த நாளாக இருக்கலாம். சொல்லும்போது பல், ஈறு, மருத்துவர் ஆகிய சொற்கள் உடன்வர வேண்டும். சுத்தம் என்ற சொல் வரவே கூடாது. சாதியும் வர்க்கமும் குறுக்கே நிற்கும் இடத்தில், அவர் நம்பும் ஒருவர் வழியாகச் சொல்வது நல்லது. அப்படி ஒருவர் இல்லையெனில், கூட வருகிறேன் என்று சொல்லி உண்மையிலேயே கூடப் போக வேண்டும். கேட்பவருக்கும் ஒன்று உண்டு. ஐயமிருந்தால், நாக்கின் பின்பகுதியை ஒரு கரண்டியால் மெல்ல வழித்துச் சில நொடி கழித்து முகர்ந்து பார்க்கலாம். அதைவிட நம்பகமானது, வீட்டில் ஒருவரிடம், தயங்காமல் சொல்லக்கூடிய பத்து வயதுப் பிள்ளையாக இருந்தாலும் சரி, நேரே கேட்டுவிடுவது.

ஈறு நோய் ஒருமுறை வந்த வாயில் காரை மறுபடி படியும். மூன்று அல்லது நான்கு மாதம் கழித்து வரச்சொல்லிச் சீட்டில் தேதி எழுதித் தருவார்கள். நாற்றம் போய்விட்ட மகிழ்ச்சியில் பெரும்பாலோர் அத்தேதிக்குப் போவதில்லை.